எட்டு மாத ஓய்வுக்குப் பின் ஒரு மட்டக்குதிரை: மணல் களம் முதலா, கரும்புத் தடம் முதலா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் டொங்காட் பக்கம் இருக்கிறீர்கள். மகளுக்கு 14 வயது. அவளுடைய மட்டக்குதிரைக்கு ஐந்து வயது. நான்கு வயதில் சேணத்துக்குப் பழகி, சில மாதங்கள் சவாரி செய்தபின் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. குணமானதும் மகளின் தேர்வு, பிறகு கோடை மழை என்று எட்டு மாதம் மேய்ச்சலிலேயே நின்றுவிட்டது. முன்பு மணல் பரப்பிய சவாரிக் களத்தில் சாதுவாக இருந்த அது, கரும்புத் தோட்டத் தடங்களில் மட்டும் மிரண்டு வீட்டைப் பார்த்து ஓடும். இப்போது மே மாதம், இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம். பழையபடி ஆக எத்தனை வாரம் வேண்டும், களத்தில் தொடங்குவதா வெளியில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அது ஓடுவது பயத்திலா, பிடிவாதத்திலா, மகளை நம்பி ஏற்றலாமா என்பதே அது. மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இளம் குதிரைகளைப் பிள்ளைகளின் சவாரிக்குப் பழக்குவது பல ஆண்டுகளாக என் தொழில். நான் கால்நடை மருத்துவர் அல்ல, உங்கள் குதிரையைப் பார்த்ததும் இல்லை. அது நொண்டுகிறதா, அதற்கு முதுகு வலிக்கிறதா என்பதையெல்லாம் எழுத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கீழே வருவதில் எது நிலைநாட்டப்பட்டது, எது என் கைப்பழக்கத்தில் வந்த கணிப்பு என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். ஓய்விலிருந்து வேலைக்குத் திரும்பும் குதிரையின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைகளுக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். தசைநாண்கள், மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள், எலும்பு ஆகியவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். இதனால்தான் ஐந்தாவது ஆறாவது வாரம் எனக்கு எப்போதும் அச்சம் தரும். குதிரை மூச்சு வாங்காது, துள்ளும், மேனி பளபளக்கும், பார்ப்பவர்கள் எல்லாரும் தயார் என்பார்கள். உள்ளே கால்கள் இன்னும் தயாராகியிருக்காது. பந்தயத்துக்குப் பழக்கப்பட்ட இரண்டு வயதுக் குதிரைகளில், பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் கால் எலும்பின் அடர்த்தி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து, அதன் பிறகே ஏறியதை 1990களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பழைய எலும்பைக் கரைத்துவிட்டுத்தான் உடல் புதியதைக் கட்டுகிறது. மெதுவாக வேலை செய்யும் ஐந்து வயது மட்டக்குதிரைக்கு அந்த நாள் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். எலும்பு பின்தங்கி வரும் என்ற வரிசை பொருந்தும். இதோடு, குதிரையின் உடலில் முதுகெலும்புதான் கடைசியில் முதிர்கிறது. ஐந்து வயதில் அந்த வளர்ச்சி முற்றுப் பெற்றுவிட்டது என்று எண்ணக் கூடாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் 12 முதல் 16 வாரம். நடை, இரண்டு கால்களாக மாற்றி மாற்றி எடுத்து வைக்கும் டிராட், களத்திலும் வெளியிலும் சிறிது கேன்டர் (டிராட்டைவிட வேகமான மெல்லோட்டம்), இவ்வளவுக்குத்தான் அந்தக் கணக்கு. தடை தாண்டுவது அதற்கும் பிறகு. இது என் அனுபவத்தில் வந்த எண்ணிக்கை. ஆறே வாரத்தில் கொண்டுவந்தேன் என்று சொல்பவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். அவர்கள் குதிரைகளில் பல நன்றாகவும் இருக்கும். இளம் குதிரையின் தசைநாண் ஒருமுறை கிழிந்தால் ஓர் ஆண்டு போய்விடும் என்பதால் நான் அந்தச் சூதாட்டத்துக்குப் போவதில்லை.

அதன்மேல் சேணம் போடுவதற்கு முன் மருத்துவரை ஒருமுறை வரவழையுங்கள். உண்ணிக் காய்ச்சலை, இங்கே எல்லாரும் பிலியரி என்கிறோம், இரண்டு விதமான ஒட்டுண்ணிகள் உண்டாக்குகின்றன. அவற்றில் தைலேரியா எக்வி என்பது, குதிரை வெளிப்பார்வைக்குக் குணமான பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் தங்கிவிடும். உடல் தளரும்போது மறுபடி தலைகாட்டலாம். இரத்தச் சோகை முழுதாக நீங்கிவிட்டதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்வது சிறு செலவுதான். வேலை தொடங்கிய பிறகு தினமும் காலையில் தீவனத்துக்கு முன் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி வரை இயல்பு. அதற்கு மேல் போனாலோ, ஈறு வெளிறினாலோ மஞ்சளித்தாலோ, அன்று சவாரி கிடையாது, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

அந்த வெப்பமானி இன்னொரு நோய்க்கும் வேண்டும். 1854-55இல் கேப் பகுதியில் ஏறத்தாழ 70,000 குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரை நோய் இன்றும் இந்த மண்ணில் இருக்கிறது. கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்டிஸ் பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. அந்தி சாயும் நேரம் முதல் விடியும் வரை அவை கடிக்கும். கோடையின் கடைசியிலும் அதையடுத்த வாரங்களிலும் நோய் உச்சத்தில் இருக்கும், உறைபனி விழுந்தால் அடங்கும். மேட்டுநிலத்தில் எங்களுக்கு அந்த உறைபனி கிடைக்கிறது. கடலோரத்தில் உங்களுக்குக் கிடைப்பதில்லை, ஆகவே மே மாதம் வந்துவிட்டது என்று அசட்டையாக இருக்காதீர்கள். பள்ளி விட்டு வந்து மகள் சவாரிக்குப் போகும் நேரமும் பூச்சி எழும் நேரமும் குளிர்காலத்தில் ஒன்றாகிவிடும். பொழுது சாயும் முன் குதிரை லாயத்துக்குள் வந்துவிட வேண்டும். தடுப்பூசி இரண்டு தவணை, இடையில் குறைந்தது மூன்று வாரம். குளிர்காலம் முதல் வசந்தம் வரை அதைப் போடுவார்கள். ஊசி போட்டபின் கடினமான வேலை கூடாது. எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். நான் சொன்ன 12 முதல் 16 வாரத்தில் இந்த ஓய்வு நாள்களைச் சேர்க்காதீர்கள், அவை தனிக் கணக்கு.

அடுத்து வாயும் முதுகும். குதிரைக்குக் கடைசி முன்பல் ஜோடி நாலரை வயதளவில்தான் மாறுகிறது, ஐந்து வயதில்தான் வாய் நிறைகிறது. கடிவாளத்தின் இரும்பை அது முன்பு ஏற்றுக்கொண்ட வாய் வேறு, இப்போது இருக்கும் வாய் வேறு. பல் மருத்துவம் தெரிந்தவர் ஒருமுறை வாய்க்குள் கை விட்டுப் பார்க்கட்டும். எட்டு மாத மேய்ச்சலில் வயிறு பெருத்து, முதுகுத் தசை வற்றியிருக்கும். பழைய சேணம் அந்த முதுகுக்குப் பொருந்தாது, வேலை செய்து தசை ஏறியபின் மறுபடியும் பொருத்தம் மாறும். ஆகவே சேணத்தை இப்போது ஒருமுறை, எட்டாவது வாரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மகளின் எடையைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். குதிரை தன் எடையில் 20 விழுக்காடு சுமக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. 2008இல் அமெரிக்காவில் எட்டுக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், 25, 30 விழுக்காடு சுமந்தவற்றுக்குத் தசை வலி தெளிவாகக் கூடியது. எட்டே குதிரைகள், அவையும் வளர்ந்த குதிரைகள் என்பதால் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஓய்விலிருந்து திரும்பும் ஐந்து வயதுக் குதிரைக்கு நான் 17 விழுக்காட்டுக்கு மேல் விடுவதில்லை. எடை பார்க்கும் மேடை இல்லையென்றால், மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 300 கிலோ. மகள் 44 கிலோ, சேணம் 6 கிலோ என்றால் கவலையில்லை.

இப்போது களமா வெளியா. வெளியில் தொடங்குங்கள், ஆனால் ஏறாமல். முதல் மூன்று வாரம் மகள் குதிரையின் பக்கத்தில் நடக்கட்டும். முதலில் 20 நிமிடம், பிறகு மெல்ல மெல்ல 40 நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள், நேரான கெட்டித் தரையில். பின்பாதியில் சேணத்தையும் போட்டு நடத்தலாம். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. வழக்கமாக நம் பக்கம் என்ன செய்கிறார்கள் என்றால், நீளக் கயிற்றில் கட்டி மணலில் வட்டம் வட்டமாக ஓட்டுகிறார்கள், "கொழுப்பைக் குறைக்கிறோம்" என்கிறார்கள். சிறு வட்டம் காலின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒரே மாதிரி பாரம் தராது. ஆழமான மணல் தசைநாணை இழுக்கும். இரண்டையும் பழக்கமற்ற காலில் சேர்த்துப் போடுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கயிற்றில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் 20 மீட்டர் அகல வட்டம், பத்து நிமிடம், வாரம் ஒரு நாள் போதும். கெட்டித் தரையில் நடப்பது எலும்புக்கு நல்லது. அதே தரையில் டிராட் அடிப்பது கெடுதல். இந்த வேறுபாட்டை மட்டும் மகளுக்கு நன்றாகச் சொல்லிவையுங்கள்.

நடந்து போவதில் இன்னொரு பெரிய பயன், உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதில்தான் விடை கிடைக்கும். கரும்புத் தடம் மனிதக் கண்ணுக்கு அழகு, குதிரைக்கு அச்சம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பயிர், எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். ஹடீடா பறவை கத்திக்கொண்டு காலடியிலிருந்து எழும். கினிக்கோழிக் கூட்டம் குறுக்கே ஓடும், குரங்கு தாவும், டிராக்டர் வரும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அறுவடை. நேற்று சுவராக நின்ற கரும்பு இன்று வெட்டவெளி. நமக்கு அது அதே பாதை, குதிரைக்கு அது முன்பின் தெரியாத இடம். 1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரும்பு வெட்டிச் சுமந்து நடந்த தடங்கள் இவை என்பதால் எனக்கு இவற்றின்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனாலும் இளம் குதிரைக்கு இவை கடினமான பள்ளிக்கூடம் என்பதை மறைக்கமாட்டேன். கரும்பு கொளுத்தும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே, எந்தப் பாத்தியை என்றைக்கு வெட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது சும்மா கடந்த பொருளுக்கு வரும்போது மிரள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கண்ணால் பார்த்தது இன்னொரு கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அப்படி என்று குதிரைக்காரர்கள் காலம் காலமாகச் சொல்கிறார்கள். அது தவறு. ஒரு கண்ணை மூடிப் பழக்கியதை மறுகண்ணால் குதிரை அடையாளம் காண்கிறது என்பதை 1999இல் சோதித்துக் காட்டிவிட்டார்கள். திரும்பும்போது பொருளின் மறுபக்கம் தெரிகிறது, வெளிச்சமும் வேறு திசை. அது குதிரைக்குப் புதுப் பொருள், அவ்வளவுதான். நடந்து போகும் நாள்களில் ஒவ்வொரு பயமுறுத்தும் பொருளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டுங்கள். அது நின்று பார்க்கட்டும். தலை தாழ்ந்து, மூச்சு விட்டதும், கயிற்றைத் தளர்த்தி நகருங்கள். அருகில் போகச் சொல்லி அடிப்பது, பொருளோடு சேர்த்து உங்களையும் பயப்படக் கற்றுக்கொடுக்கும்.

துணைக் குதிரை ஒன்று கிடைத்தால் வேலை பாதியாகும். பழகிய குதிரையோடு சேர்ந்து பார்த்த இளம் குதிரைகள், பின்னர் தனியாகப் பார்க்கும்போதும் குறைவாகவே மிரண்டன என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். பக்கத்துப் பண்ணையில் வயதான, எதற்கும் அசையாத குதிரை ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் சொந்தக்காரரிடம் கேளுங்கள். முதலில் அதன் பின்னால், பிறகு பக்கத்தில், கடைசியில் முன்னால். வீட்டைப் பார்த்து ஓடும் பழக்கத்துக்கு மருந்தும் இதிலேயே உண்டு. அது பதற்றமடையும் இடம் உங்களுக்குத் தெரியும். அதற்கு ஐம்பது அடி முன்னாலேயே, அமைதியாக இருக்கும்போதே திருப்பிவிடுங்கள். மறுநாள் சற்றுத் தள்ளிப் போங்கள். வாசல் வரை வந்ததும் இறங்காமல் மறுபடி கொஞ்சம் வெளியே போய் வாருங்கள். வீட்டை நோக்கி எந்தக் காரணத்துக்காகவும் விரைந்து போகக் கூடாது, கடைசி ஒரு கிலோமீட்டர் எப்போதும் நடைதான். இதை ஒரே ஒரு நாள் மீறினாலும் குதிரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மகளின் மனநிலையும் கணக்கில் சேரும். சுவீடனில் 2009இல் செய்த ஓர் ஆய்வில், இந்தச் சுற்றில் குடை விரிக்கப்படும் என்று சவாரி செய்பவரிடம் சொன்னார்கள். குடையை விரிக்கவேயில்லை. சவாரி செய்தவரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் இதயத் துடிப்பும் கூடியது. அவள் பயப்படும் நாளில் ஏற வேண்டாம், இறங்கி நடப்பதில் குறைவு ஒன்றும் இல்லை என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள், தகப்பன் வாயிலிருந்து வந்தால் அவள் நம்புவாள். ஒற்றைக் கடிவாள வாரை மெல்ல இழுத்துக் கழுத்தை வளைத்து நிறுத்தும் முறையை நின்ற இடத்திலும் நடையிலும் நூறு முறை பழக்கிவிடுங்கள். ஆனால் சரிவிலோ வேகமான ஓட்டத்திலோ அப்படி வளைத்தால் குதிரை விழும், அங்கே அதைச் செய்யக் கூடாது. தலைக்கவசம், குதிகால் வைத்த காலணி, உடலோடு ஒட்டிய பையில் போன், எப்போதும் துணை. இதில் பேரம் கிடையாது.

நான்காவது வாரம் ஏறலாம், வெறும் நடை, துணையோடு. அப்போதே வாரம் ஒருநாள் களத்துக்கும் போகலாம். நேர்கோடு, அகலமான திருப்பம், நின்று புறப்படுதல், இவ்வளவுதான். ஏழாவது வாரத்தில் டிராட் சேருங்கள். ஒரு நிமிடம் டிராட், மூன்று நிமிடம் நடை, இப்படி நாலைந்து முறை, நல்ல தரையில். வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டலாம், ஆனால் நேரம், வேகம், மேடு ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. பத்தாவது வாரத்துக்குப் பின் மெல்லிய ஏற்றத்தில் சிறு கேன்டர். 20க்கு 40 மீட்டர் களத்தில் இளம் குதிரைக்கு மூலைகள் அடுத்தடுத்து வந்துவிடும், அதனால் முதல் கேன்டரை அங்கே கேட்க வேண்டாம். வெளியே நேராகக் கற்றுக்கொண்டதை அது களத்துக்குள் கொண்டுவரும். சாதுவாக இருக்கிறது என்பதற்காகக் களத்திலேயே வைத்திருந்த குதிரைகள் சலித்துப்போய் அங்கேயும் கெடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தீவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கியதுமே தானியத்தைக் கூட்டாதீர்கள். மட்டக்குதிரைக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் குளம்பு அழற்சியில் கொண்டுவிடும். எரக்ராஸ்டிஸ் என்ற புல்லின் உலர்தீவனம் அடிப்படையாக இருக்கட்டும். உங்கள் மேய்ச்சல் கிகுயு புல் என்றால், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. எலும்பு கட்டும் மாதங்களில் அது கூடாது. லூசர்ன் (குதிரைமசால்) கொஞ்சம் சேர்த்து, தாது உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும். சவாரிக்கு அரை மணி முன் இரண்டு கைப்பிடி லூசர்ன் கொடுத்தால் வெறும் வயிற்றில் அது அலம்பாது.

பயமா பிடிவாதமா என்று கேட்டால், இரண்டுக்கும் முன்னால் வலியா என்று கேட்பேன். சவாரியின்போது வலியைக் காட்டும் 24 செயல்களை இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசன் தொகுத்திருக்கிறார். காதை ஐந்து நொடிக்கு மேல் பின்னால் வைத்திருப்பது, வாயைப் பத்து நொடிக்கு மேல் பிளந்திருப்பது, வாலை ஓயாமல் வீசுவது போன்றவை அவற்றில் சில. எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், களத்தில் சாதுவாகவும் கரும்பில் மட்டும் மிரண்டும் இருக்கும் குதிரை பயந்த குதிரையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது, பிடிவாதக் குதிரையாகத் தோன்றவில்லை. ஆனால் இனி களத்திலும் ஒரு பக்கம் திரும்ப மறுத்தாலோ, சேணப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வந்தாலோ என் கருத்து மாறிவிடும். ஏழாவது வாரம் டிராட் தொடங்கும் முன், அந்த ஒருமுறை மட்டும் கெட்டித் தரையில் கயிற்றில் பிடித்து நேராக ஓட்டி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுங்கள். தலை சீராக ஆடுகிறதா, இடுப்பின் இரு பக்கமும் ஒரே அளவு ஏறி இறங்குகிறதா என்று உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகு மகள் டிராட்டில் ஏறட்டும்.